வேண்டாததைத் தள்ளும் உரிமை

2024 நவம்பர் 14 அன்று ரிலையன்ஸ் குழுமத்தின் வயாகாம்18 நிறுவனமும் வால்ட் டிஸ்னியின் ஸ்டார் இந்தியாவும் ஒன்றாயின. புதிய கூட்டு நிறுவனத்தின் மதிப்பு 70,352 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். ரிலையன்ஸ் 11,500 கோடி ரூபாய் முதலீடு செய்தது. அதன் நேரடிப் பங்கு 16.34 விழுக்காடு, வயாகாம்18 வழியாக 46.82, டிஸ்னியிடம் மீதி 36.84. நூற்றுக்கும் மேற்பட்ட தொலைக்காட்சி சேனல்களும், நாட்டின் இரண்டு பெரிய ஓடிடி தளங்களும், கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமைகளில் பெரும்பகுதியும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. மூன்று மாதம் கழித்து, 2025 பிப்ரவரி 14 அன்று, ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் என்ற ஒரே செயலி ஆயின.

யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை வணிகப் பக்கங்கள் விரிவாகவே எழுதின. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்யும் குடும்பத்துக்கு இதனால் என்ன ஆயிற்று என்பது அவ்வளவு அக்கறையோடு பேசப்படவில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன். நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊடக நிறுவனங்கள் இணையும்போது சாதாரணப் பயனர் முதலில் இழப்பது, ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை வேண்டாம் என்று தள்ளும் வசதியைத்தான். பண இழப்பு அதற்குப் பின்னால்தான் வருகிறது. நம் சட்டங்களோ பணத்தை மட்டும் அளக்கின்றன. அதிலும் விளம்பரம் கொடுப்பவரின் பணத்தையே உன்னிப்பாக அளக்கின்றன.

புதுச்சேரியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இந்த யூனியன் பிரதேசம் நான்கு துண்டுகளால் ஆனது. தொலைத்தொடர்பு வரைபடத்தில் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு வட்டத்தில் இருக்கின்றன. மாஹே கேரள வட்டத்தில், ஏனாம் ஆந்திர வட்டத்தில். சட்டமன்றம் உண்டு, முதலமைச்சர் உண்டு. ஆனால் தன் மக்களுக்குச் செய்தியும் பொழுதுபோக்கும் எந்த வழியாக, என்ன விலைக்கு வந்து சேர்கின்றன என்பதில் அந்தச் சட்டமன்றம் செய்யக்கூடியது மிகக் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி நான்கு பகுதிகளும் சேர்ந்தே மக்கள்தொகை பன்னிரண்டரை லட்சத்தைத் தொடவில்லை. பேரம் பேசுவதற்கு அது போதாது. மும்பையிலோ கலிஃபோர்னியாவிலோ ஒரு கையெழுத்து விழுந்தால் அதன் விளைவை அப்படியே ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கும் ஊர் இது. அதனாலேயே அந்த விளைவைக் கலப்பில்லாமல் பார்க்க ஏற்ற ஊரும் இதுதான்.

கைமாற்றம் வீட்டுக்குள் எவ்வளவு சத்தமின்றி நடக்கிறது என்பதற்கு விஜய் டிவியின் வரலாற்றைப் பார்க்கலாம். 1990களின் நடுவில் ஜிஇசி என்ற பெயரில் தொடங்கிய சேனல் அது. விஜய் மல்லையாவின் யூபி குழுமத்திடம் போனபோது விஜய் டிவி ஆயிற்று. பிறகு யூடிவியிடம் போனது. 2001இல் ரூப்பர்ட் மர்டாக்கின் ஸ்டார் குழுமம் வாங்கியது. 2019 மார்ச் 20 அன்று டிஸ்னி நிறுவனம் மர்டாக்கின் 21ஆம் செஞ்சுரி ஃபாக்ஸ் சொத்துகளை 7,130 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. லாஸ்பேட்டையில் ‘நீயா நானா’ பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் அன்று டிஸ்னியின் வாடிக்கையாளர் ஆனது. ஐந்தரை ஆண்டு கழித்து ரிலையன்ஸின் வாடிக்கையாளர் ஆனது. இதில் எந்தக் கட்டத்திலும் நிகழ்ச்சி நின்றுபோகவில்லை, திரை இருண்டுபோகவில்லை. அதனால் ஒன்றும் மாறவில்லை என்றே தோன்றும். மாற்றம் நிகழ்ந்தது நிகழ்ச்சியில் அல்ல, அது வரும் வழியில்.

அந்த வழி எப்படிக் குறுகியது என்பதைக் கிரிக்கெட்டை வைத்துத்தான் துல்லியமாகச் சொல்ல முடியும். 2022 ஜூனில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஐபிஎல்லின் 2023 முதல் 2027 வரையிலான உரிமைகளை மின்னணு ஏலத்தில் விற்றது. தொலைக்காட்சி உரிமையையும் இணைய உரிமையையும் வாரியம் தனித்தனியே ஏலம் விட்டது. தொலைக்காட்சி ஸ்டாருக்கு 23,575 கோடிக்குப் போனது. இணையம் வயாகாம்18க்கு இரு தொகுப்புகளாக 23,758 கோடிக்குப் போனது. ஒரே ஆட்டம், இரண்டு உரிமையாளர்கள். உடனே போட்டி மூண்டது. 2023 ஐபிஎல்லை ஜியோசினிமா எல்லாருக்கும் இலவசமாகக் காட்டியது. ஏர்டெல் சிம் வைத்திருந்தவரும் பார்க்கலாம், பிஎஸ்என்எல் வைத்திருந்தவரும் பார்க்கலாம். அதுவரை சந்தா கேட்டுவந்த ஹாட்ஸ்டார் இதைப் பார்த்து, அதே ஆண்டின் ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் கைப்பேசியில் இலவசமாக்கியது. நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். 2024 ஐபிஎல்லும் இலவசம், அதே ஆண்டு இருபது ஓவர் உலகக் கோப்பையும் கைப்பேசியில் இலவசம்.

இரண்டு ஆண்டுகள் நீடித்த இந்த நிலை 2025 மார்ச்சில் முடிவுக்கு வந்தது. இணைப்புக்குப் பிந்தைய முதல் ஐபிஎல்லில் சில நிமிடங்கள் பார்த்ததும் சந்தா கேட்டார்கள். கூடவே இன்னொரு அறிவிப்பும் வந்தது: 299 ரூபாய்க்கோ அதற்கு மேலோ ஜியோ ரீசார்ஜ் செய்தால் ஜியோஹாட்ஸ்டார் 90 நாளுக்கு இலவசம். அந்த 299 என்ற எண்ணுக்கு ஒரு முன்கதை உண்டு. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் 2024 ஜூலை வரை 239 ரூபாயாக இருந்தது. ஜூலை 3 அன்று அதைத்தான் 299 ஆக உயர்த்தினார்கள். முதலில் திட்டத்தின் விலை ஏறியது. ஒன்பது மாதம் கழித்து, ஏறிய அதே விலையில் கிரிக்கெட் ‘இலவசமாக’ வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டையும் ஒரே நாளில் யாரோ திட்டமிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரீசார்ஜ் கடையில் நிற்பவர் ஒரே தொகையைக் கொடுக்கிறார். அதில் எவ்வளவு வலைப்பின்னலுக்கு, எவ்வளவு கிரிக்கெட்டுக்கு என்று பிரித்துப் பார்க்க அவருக்கு வழியில்லை. கிரிக்கெட்டே பார்க்காத பாட்டியின் எண்ணுக்கும் அதே 299தான்.

இலவசம் போய்விட்டதே என்று புலம்புவது சரியான வாதம் ஆகாது. அந்த இலவசம் ஒரு நிறுவனத்தின் ஆழமான பையிலிருந்து வந்தது. எதிராளியைக் களைப்படையச் செய்யும் கருவியாகவும் அது வேலை செய்தது. டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரின் சந்தாதாரர் எண்ணிக்கை 2022 அக்டோபரில் 6.13 கோடியாக இருந்தது. 2024 நடுவில் 3.55 கோடி. ஐபிஎல் போயிற்று, 2023 மார்ச் 31 அன்று எச்பிஓ தொடர்களும் போயின. எச்பிஓ சில வாரங்களில் ஜியோசினிமாவுக்கு வந்து சேர்ந்தது. அங்கே அதற்கு ஆண்டுக்கு 999 ரூபாய் சந்தா வைத்தார்கள். அந்தத் தொடர்களுக்காக ஹாட்ஸ்டாருக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருந்த ஒருவர் இரண்டாவது சந்தாவையும் கட்ட வேண்டியதாயிற்று. பிறகு இரு தளங்களும் ஒன்றாகி எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பின. போட்டி நடந்தபோதும் செலவு பயனருடையது, போட்டி முடிந்தபோதும் செலவு பயனருடையது. நடுவில் கிடைத்த இரண்டு ஆண்டுகள் போட்டியின் பலன் என்பதும் உண்மை, இணைப்புக்கான முன்பணம் என்பதும் உண்மை.

ஜியோஹாட்ஸ்டார் தொடங்கியபோது வைத்த சந்தா அடுக்குகளைக் கவனியுங்கள். கைப்பேசிக்கு மூன்று மாதத்துக்கு 149, இரண்டு சாதனங்களுக்கு 299, விளம்பரமில்லாத பிரீமியம் 499. வேறுபாடு எதில் இருந்தது? எத்தனை திரை, எந்தத் திரை, விளம்பரம் உண்டா இல்லையா என்பதில். என்ன பார்க்கிறோம் என்பதில் இல்லை. தமிழ்த் தொடர் மட்டும் போதும் என்பவருக்குத் தனி விலை இல்லை. ஒரே ஓர் ஆட்டம் பார்க்க விரும்புபவருக்குச் சீட்டு இல்லை. விலை மலிவுதானே என்று கேட்கலாம், மலிவுதான். இன்றைய மலிவு நாளைக்கும் இருக்குமா என்பதை இனி தீர்மானிக்கப்போவது போட்டியாளர் அல்ல என்பதே என் கவலை.

இங்கேதான் சட்டத்தில் ஓர் ஓட்டை தெரிகிறது. ஓட்டை என்று தெரிந்தே சொல்கிறேன். 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒரு தளத்துக்கு ஒரு கட்டணம், இன்னொரு தளத்துக்கு இன்னொரு கட்டணம் என்று டேட்டாவை விற்கக் கூடாது என்று தடை விதித்தது. ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் அதனால்தான் இந்தியாவை விட்டுப் போனது. இந்த விதிக்காக லட்சக்கணக்கானோர் மின்னஞ்சல் அனுப்பினார்கள்; இந்திய இணையப் பயனர்கள் ஒன்றுசேர்ந்து வென்ற அபூர்வமான வெற்றி அது. ஆனால் அந்த விதி டேட்டாவின் விலையை மட்டுமே பார்க்கிறது. டேட்டா எல்லாருக்கும் ஒரே விலை, அதோடு ஒரு தளத்தின் சந்தாவைச் சேர்த்துக் கொடுக்கிறேன் என்று நிறுவனம் சொன்னால் விதி அதைத் தொடுவதில்லை. ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவின் வீயும்கூட ஓடிடி சந்தாக்களைச் சேர்த்து விற்கின்றன; ஜியோஹாட்ஸ்டாரையே சேர்த்து விற்கின்றன. வேறுபாடு ஒன்று உண்டு. அவர்கள் அதை வெளியிலிருந்து வாங்கி விற்கிறார்கள். ஜியோவுக்கு அது வீட்டுப் பொருள். வழியும் சரக்கும் ஒரே குழுமத்திடம் இருக்கும்போது ஒன்றில் இழந்ததை இன்னொன்றில் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களால் அது முடியாது.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. கேபிளில் இருந்தவரை பார்வையாளருக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. 2019 பிப்ரவரியில் டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தபோது ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலையை அறிவிக்க வேண்டும் என்றும், வேண்டிய சேனலை மட்டும் தனியே எடுக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்றும் விதி வந்தது. நூறு சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. அந்த முறை குழப்பமானது, பலருக்குக் கட்டணம் ஏறியது, புதுச்சேரியில் கேபிள்காரர்களோடு வாய்ச்சண்டை நடக்காத தெரு குறைவு. 2023 பிப்ரவரியில் விலைத் தகராறில் ஸ்டார், ஜீ, சோனி மூன்றும் கேபிள் நிறுவனங்கள் பலவற்றுக்குச் சேனல்களை நிறுத்தி, சில நாள் வீடுகளை இருட்டாக்கவும் செய்தன. ஆனாலும் தனி விலை என்ற கொள்கை சட்டத்தில் இருந்தது, இருக்கிறது. ஓடிடிக்கு அது கிடையாது. அங்கே டிராயின் கட்டண விதி செல்லாது; 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் உள்ளடக்கத்தைத்தான் பேசுகின்றன, விலையைப் பேசுவதில்லை. கேபிளைத் துண்டித்துவிட்டு ஃபைபர் இணைப்பில் ஓடிடிக்கு மாறும் ஒவ்வொரு வீடும், தனித்தனியே தேர்ந்தெடுக்கும் உரிமை எழுத்தில் இருக்கும் இடத்திலிருந்து அது இல்லாத இடத்துக்குக் குடிபெயர்கிறது. இணைப்பின் பலம் அந்தக் குடிபெயர்வில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் கவனிக்க வேண்டியது இந்தியப் போட்டி ஆணையம். 2024 ஆகஸ்ட் 28 அன்று அது இணைப்புக்கு ஒப்புதல் தந்தது, சில நிபந்தனைகளோடு. சில மொழிச் சேனல்களை விட்டுவிட வேண்டும். ஐபிஎல், சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில், இந்திய வாரியம் ஆகியவற்றின் ஆட்டங்களுக்குத் தொலைக்காட்சி விளம்பர நேரத்தையும் இணைய விளம்பர நேரத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. விளம்பரக் கட்டணத்தை நியாயமற்ற அளவுக்கு உயர்த்தக் கூடாது. நல்ல நிபந்தனைகள். சோப்பு விற்கும் நிறுவனத்திடம் சேர்த்து வாங்கு என்று சொல்லக் கூடாது என்பதை ஆணையம் புரிந்துகொண்டிருக்கிறது. பார்வையாளரிடம் அதையே சொல்வது அதே அளவுக்குத் தவறு என்ற எண்ணம் அந்த நிபந்தனைகளின் மையத்தில் இல்லை. ஒரு மேஜையில் விளம்பரதாரர் இருந்தார், ஒளிபரப்பாளர் இருந்தார். ரீசார்ஜ் செய்கிறவருக்கு நாற்காலி போடப்படவில்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

தமிழ்நாடு வட்டத்தில் இருப்பவர்களுக்கு நிறுவனங்கள் கலைவதும் சேர்வதும் புதிதல்ல. ஏர்செல்லை மறந்திருக்க மாட்டார்கள். சி. சிவசங்கரன் 1999இல் இந்த வட்டத்தில் தொடங்கிய நிறுவனம் அது. 2006இல் மலேசியாவின் மேக்ஸிஸ் 74 விழுக்காட்டை வாங்கியது. 2016 செப்டம்பரில் அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு ஏர்செல் இணையும் என்று அறிவித்தார்கள்; 2017 அக்டோபரில் அந்த இணைப்பு முறிந்தது. 2018 பிப்ரவரியில் சிக்னல் போயிற்று, மாத முடிவில் திவால் மனு. தமிழ்நாடெங்கும் கடைவாசல்களில் கூட்டம் கூடியது. வங்கியிலும் கேஸ் ஏஜென்ஸியிலும் பள்ளியிலும் கொடுத்திருந்த எண் போய்விடுமே என்பதுதான் அவர்களின் பயம். அந்த எண்ணைக் காப்பாற்றியது 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்திருந்த எண் பெயர்வு வசதி. நிறுவனம் செத்தாலும் எண் உன்னுடையது என்று சட்டம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் கூட்டம் கலைந்து வேறு சிம்மோடு வீடு போனது. ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சியில் எளியவருக்கு எது உதவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த மண்ணில் இல்லை. ஓடிடியில் அப்படி எதுவும் இல்லை. எடுத்துக்கொண்டு போகக்கூடியது என்று பயனருக்கு அங்கே ஒன்றும் கிடையாது.

ஏர்செல் விழுந்த அதே 2018இல், ஆகஸ்ட் 31 அன்று வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன. ஒருகாலத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்த துறையில் மூன்று தனியாரும் பிஎஸ்என்எல்லும் மிஞ்சின. இடையில் டேட்டா விலை ஜிபிக்கு இருநூறு ரூபாய்க்கு மேலிருந்து பத்து ரூபாய் அளவுக்கு இறங்கியது உண்மை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததன் நேரடி விளைவு அது, அதன் நன்மையை மறுப்பது நேர்மையாகாது. 2024 ஜூலையில் மூன்று நிறுவனங்களும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தியதும் உண்மை.

இணையம் இப்படித்தான் வர வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. புதுச்சேரி வேறொரு வழியையும் பார்த்திருக்கிறது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நாட்டு உதவியோடு இந்தப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். அங்கிருந்து கம்பியில்லா வழியில் கிராமங்களுக்குத் தகவல் போகும். ஏம்பலத்தில் கோயில் வளாகத்தில் மையம் நடந்தது, உள்ளூர்ப் பெண்கள் நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்குத் தேவை அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் பொதுவில் வெளியிட்டுவந்த வங்கக்கடல் அலை முன்னறிவிப்பை வில்லியனூரில் எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கணினி இல்லாதவர், எழுத்துத் தெரியாதவர், சந்தா என்ற சொல்லையே கேட்டிராதவர் எல்லாரும் இணையப் பயனர் ஆனார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு கிராமத்தில் இந்த ஒலிபெருக்கிதான் உயிர் காத்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊர் காலி செய்தது.

அந்த ஏற்பாடு வேலை செய்ததற்குக் காரணம், தகவலைத் தயாரித்தவர் ஒருவர், கொண்டுசேர்த்தவர் வேறொருவர், ஊரில் சொன்னவர் மூன்றாமவர் என்று இருந்ததுதான். எந்தக் கண்ணியையும் மாற்றிக்கொள்ளலாம். அலை உயரம் வேறொரு தளத்தில் நன்றாகக் கிடைத்தால் அங்கிருந்து எடுக்கலாம். இன்று மீனவர்களுக்குக் கைப்பேசிச் செயலிகள் இருக்கின்றன, அவை பழைய ஒலிபெருக்கியைவிடத் துல்லியமானவை. திரும்பிப் போக யாரும் கேட்கவில்லை. கண்ணிகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டால் எதையும் மாற்ற முடியாமல் போகும் என்பதுதான் பாடம்.

வழியை வைத்திருப்பவர் சொல்லையும் வைத்திருக்கிறார் என்பதைப் புதுச்சேரி நூறு ஆண்டுக்கு முன்பே கண்டது. 1908இல் பாரதியும் நண்பர்களும் ‘இந்தியா’ வார இதழை இங்கே கொண்டுவந்தார்கள். பிரெஞ்சு நாட்டின் 1881ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தின் நிழலில் அச்சிடத் தடையில்லை. படிப்பவர்களோ எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில். அங்கே இதழ் நுழைவதைத் தடுத்தார்கள். 1910இல் இதழ் நின்றது. அச்சுக்கூடத்தில் யாரும் கை வைக்கவில்லை.

தகவல் சேகரிப்புப் பக்கம் வருவோம். 2014இல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்கியபோது இரண்டின் பயனர் கணக்குகளையும் தானாகப் பொருத்திப் பார்க்க இயலாது என்று ஐரோப்பிய ஆணையத்திடம் சொன்னது. அது தவறான தகவல் என்று 2017 மே மாதம் ஆணையம் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பர் 18 அன்று, வாட்ஸ்அப்பின் 2021ஆம் ஆண்டுத் தனியுரிமை நிபந்தனைகளுக்காக மெட்டாவுக்கு (ஃபேஸ்புக் நிறுவனத்தின் இன்றைய பெயர்) 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. விளம்பரத்துக்காகத் தகவலைப் பகிர ஆணையம் விதித்த ஐந்தாண்டுத் தடையை நீக்கியது. வாங்கும் நாளில் கொடுக்கும் உறுதிமொழியும் ஏழு ஆண்டு கழித்து வரும் நிபந்தனையும் வேறுவேறு என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. ரிலையன்ஸ் குழுமத்திடம் கைப்பேசி எண் இருக்கிறது, பார்க்கும் பழக்கம் இருக்கிறது, கடை வியாபாரம் இருக்கிறது. ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 2020 முதல் மெட்டாவுக்கு 9.99 விழுக்காடும் கூகுளுக்கு 7.73 விழுக்காடும் பங்கு உண்டு. இந்தத் தகவல்களை யாரோ தவறாகக் கலக்கிறார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. கலக்கக் கூடாது என்று ஒப்புதல் நாளிலேயே எழுதி வாங்க வேண்டும் என்கிறேன்.

செய்தியைப் பொறுத்தவரை, புதுச்சேரிக்கு இரண்டு தாய்வீடுகளின் அனுபவம் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்களும் மற்றவர்களும் இன்றும் பிரான்ஸ் நாட்டுத் தேர்தல்களில் இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள். நாடாளுமன்றத்துக்கு வெளிநாட்டுவாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கான பதினோராவது தொகுதியில் வருகிறார்கள். அந்த வாக்காளர்கள் படிக்கும் ஊடகங்கள் அண்மை ஆண்டுகளில் கைமாறிய விதம் கவனிக்கத்தக்கது. தொழிலதிபர் வின்சென்ட் பொல்லோரேவின் கட்டுப்பாட்டில் வந்தபின் இத்தெலே செய்திச் சேனலில் 2016இல் ஒரு மாத வேலைநிறுத்தம் நடந்தது, பத்திரிகையாளர்கள் ஏராளமானோர் வெளியேறினார்கள், அடுத்த ஆண்டு அதன் பெயரே சிநியூஸ் ஆயிற்று. 2023 கோடையில் ழுர்னால் து திமான்ஷ் ஞாயிறு இதழில் புதிய ஆசிரியரின் நியமனத்தை எதிர்த்து ஆறு வாரம் வேலைநிறுத்தம். ஆனால் 2022 செப்டம்பரில் தெஎஃப்1, எம்6 என்ற இரு பெரும் சேனல்களின் இணைப்பு, அங்குள்ள போட்டி ஆணையம் கடுமையான நிபந்தனைகளைக் கேட்டதால் கைவிடப்பட்டது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே இருக்கிறது: தேசிய அளவில் தொலைக்காட்சி, வானொலி, நாளிதழ் மூன்றில் இரண்டுக்கு மேல் ஒருவர் கையில் குவிவதைத் தடுக்கும் சட்டம். அதில் இணையம் வரவில்லை என்று பிரான்ஸிலேயே குறை சொல்கிறார்கள். நம்மிடம் அந்தப் பழைய சட்டத்துக்கு நிகரானதுகூட இல்லை. டிராய் 2009இல் பரிந்துரைத்தது, 2014 ஆகஸ்ட் 12 அன்று இன்னும் விரிவாகப் பரிந்துரைத்தது, 2022 ஏப்ரலில் மறுபடியும் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. சட்டம் வரவில்லை.

தமிழ் உள்ளடக்கத்துக்கு இதனால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. 2025 டிசம்பரில் ஜியோஹாட்ஸ்டார் சென்னையில் நடத்திய விழாவில் தென்னிந்திய மொழிகளுக்கு ஐந்து ஆண்டில் 4,000 கோடி ரூபாய் செலவிடப்போவதாக அறிவித்தது. பெரிய தொகை. ஆனால் ஒரு சிறிய தமிழ்ப் படத்தின் தயாரிப்பாளருக்கு முன்பு தட்டுவதற்கு ஹாட்ஸ்டார் என்றும் ஜியோசினிமா என்றும் இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்றில் மறுத்தால் இன்னொன்று. சோனியும் ஜீயும் இணைய முயன்று 2024 ஜனவரி 22 அன்று முறிந்துபோனது; அதுவும் நடந்திருந்தால் கதவுகள் இன்னும் குறைந்திருக்கும். புதுச்சேரியின் நகராட்சிச் செய்தியையோ காரைக்கால் விவசாயியின் தண்ணீர்ப் பிரச்சினையையோ இந்த 4,000 கோடியில் தேட வேண்டாம். அவை இன்னும் உள்ளூர்க் கேபிள் சேனல்களிலும் நாளிதழின் புதுவைப் பக்கத்திலும்தான் இருக்கின்றன. கேபிள் சந்தா சுருங்கச் சுருங்க அந்தச் சேனல்களுக்கு அடித்தளமும் சுருங்குகிறது.

ஐபிஎல் உரிமைகள் 2027 பருவத்தோடு முடிகின்றன. விளம்பர நேரத்தைச் சேர்த்து விற்கக் கூடாது என்ற போட்டி ஆணையத்தின் நிபந்தனைக்கும் ஆயுள் அந்த உரிமைகளின் காலம் வரைதான். அடுத்த ஏலத்தில் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் தனித்தனிச் சீட்டு வைத்தாலும், 2022இல் மோதிக்கொண்ட இருவரும் இப்போது ஒருவர். அதற்கு முன் செய்யக்கூடியவை இருக்கின்றன. சேனலுக்குத் தனி விலை என்ற கேபிள் விதியை ஓடிடிக்கும் நீட்டிக்கலாம். ஓர் ஆட்டம், ஒரு மொழி, ஒரு தொடர் என்று தனியே வாங்க வழி வேண்டும். ரீசார்ஜோடு சந்தா சேர்த்து விற்கும் எந்த நிறுவனமும், சந்தா இல்லாத அதே டேட்டாத் திட்டத்தைக் குறைந்த விலைக்கு வைத்திருக்க வேண்டும் என்று டிராய் ஆணையிடலாம். 2007இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: தேச முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுகளின் ஒளிபரப்பைத் தனியார் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அதனால்தான் இந்திய அணி ஆடும் முக்கியப் போட்டிகளைத் தூர்தர்ஷனில் காசில்லாமல் பார்க்க முடிகிறது. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகிர்வு தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் சொந்த டிடிஎச்சுக்கும் மட்டுமே என்று வரையறுத்தது. கைப்பேசித் திரை அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது யாருடைய கணக்கிலும் இல்லை. இப்போது பலருக்கு வேறு திரை இல்லை. அந்தச் சட்டத்தில் இணையம் என்ற சொல்லைச் சேர்க்கும் திருத்தத்தை, புதுச்சேரியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போகும் ஒரு மக்களவை உறுப்பினரும் ஒரு மாநிலங்களவை உறுப்பினரும் 2027க்கு முன் கேட்க வேண்டும்.